மௌனமான வசந்தமும் மலேரியாப் பழியும்

இறந்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்ட ஓர் அமெரிக்கப் பெண்மணி மீது இன்றும் கொலைப்பழி சுமத்தப்பட்டு வருகின்றது. அவர் எழுதிய ஒரு நூலின் காரணமாக டி.டி.ரி. என்ற பூச்சிகொல்லி தடை செய்யப்பட்டதாம். அதனால் நுளம்புகள் பெருகினவாம். ஏழை நாடுகளில் மில்லியன் கணக்கானோர் மலேரியாவுக்குப் பலியாகினராம். உலகின் கொடிய சர்வாதிகாரிகளின் வரிசையில் அவரையும் நிறுத்தி எழுதியோர் உண்டு. இந்தக் குற்றச்சாட்டை முன்வைப்போர் முதற் சான்றாக எடுத்துக்காட்டும் நாடு எதுவெனின், அது நமது இலங்கையே. ஆகவே, றேச்சல் கார்சன் என்ற அந்த விஞ்ஞானியின் கதை எங்கோ தொலைதூரத்தில் நடந்தது என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் நாட்டின் பெயரைச் சொல்லி ஒருவர் மீது பழி போடப்படும்போது, அது மெய்யா என்று பார்க்கும் கடமை நமக்கு உண்டு.

கார்சன் 1907ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் திகதி பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் பிறந்தார். அலகெனி ஆற்றை அண்டிய ஊர் அது. தந்தை பெரிதாகப் பொருளீட்டத் தெரியாதவர். தாய் மரியா கற்றவர். பறவைகளையும் பூச்சிகளையும் மகளுக்குப் பெயர் சொல்லிக் காட்டியவர். பதினொரு வயதிலேயே சிறுவர் சஞ்சிகை ஒன்றில் கார்சனின் கதை அச்சேறிவிட்டது. எழுத்தாளராவதே அவரின் கனவாக இருந்தது. ஆங்கில இலக்கியம் கற்பதற்கென்றே கல்லூரிக்குச் சென்றார். அங்கு மேரி ஸ்கொட் ஸ்கிங்கர் என்ற ஆசிரியையின் உயிரியல் வகுப்பு அவரின் பாதையை மாற்றிவிட்டது. இலக்கியத்தைக் கைவிட்டு விஞ்ஞானத்துக்குப் போகிறோம் என்றே அவர் அப்போது எண்ணினார். பிற்காலத்தில் அவ்விரண்டும் அவரிடத்தில் ஒன்றுகூடியே வந்தன. கலைத்துறையில் பட்டம் பெற்ற எம்மைப் போன்றோருக்கு இது சற்று ஆறுதல் தரும் செய்தி.

1929இல் பட்டம் பெற்றதன் பின்னர், வூட்ஸ் ஹோல் கடலுயிரியல் ஆய்வுகூடத்தில் ஒரு கோடைகாலத்தைக் கழித்தார். கடலைப் பற்றி மூன்று நூல்களை எழுதப்போகும் அவர் கடலோடு நெருங்கிப் பழகத் தொடங்கியது அப்போதுதான். 1932இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வைத் தொடர அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அது அமெரிக்காவின் பெரும் பொருளாதார மந்த காலம். 1935இல் தந்தை இறந்தார். 1937இல் மூத்த சகோதரி இறந்தார். அவரின் இரு பெண்பிள்ளைகளும் கார்சனின் பொறுப்பில் வந்தனர். வயதான தாயும் தாயற்ற பிள்ளைகளும் உள்ள வீட்டை மணமாகாத ஒரு பெண் தன் உழைப்பால் தாங்கும் நிலை நம் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டிய ஒன்றல்ல. நம்மவர்களின் எத்தனையோ வீடுகளில் இன்றும் நடப்பது அதுவே.

குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காகவே அவர் அரசாங்கத்தின் மீன்பிடிப் பணியகத்தில் வானொலிக்கு உரைச்சித்திரங்கள் எழுதும் தற்காலிக வேலையை ஏற்றார். 1936இல் அரசாங்கப் பரீட்சையில் முன்னணியில் தேறி, இளநிலை நீர்வாழ் உயிரியலாளராக நிரந்தர நியமனம் பெற்றார். அப்பணியகத்தில் அத்தகைய பதவி பெற்ற பெண்களுள் அவர் இரண்டாமவர். பகலில் ஏனையோரின் அறிக்கைகளைத் திருத்துவார். இரவில் தமது நூல்களை எழுதுவார். 1941 நவம்பரில் அவரது முதலாவது நூல் வெளிவந்தது. சில வாரங்களில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டு அமெரிக்கா போரில் இறங்கியது. கடற்பறவைகளையும் மீன்களையும் பற்றிய நூலை அந்நேரத்தில் வாங்குவார் எவருமில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1951இல் வெளிவந்த 'நம்மைச் சூழ்ந்த கடல்' என்ற நூல் அவரை நாடறிந்தவராக்கியது. 86 வாரங்கள் அது அதிகம் விற்பனையாகும் நூல்களின் பட்டியலில் இருந்தது. அந்த வருமானத்தின் பலத்தில் 1952இல் அரசாங்கப் பதவியைத் துறந்தார்.

டி.டி.ரி. பற்றிய ஐயம் அவருக்குத் திடீரென எழுந்ததல்ல. 1945ஆம் ஆண்டிலேயே, அதன் பக்கவிளைவுகள் பற்றித் தமது திணைக்களத்தில் நடந்த பரிசோதனைகளைக் கண்டு, கட்டுரை எழுதித்தரலாமா எனப் பிரபல சஞ்சிகை ஒன்றிடம் கேட்டிருந்தார். சஞ்சிகை அக்கறை காட்டவில்லை. அதில் வியப்பில்லை. அக்காலத்தில் டி.டி.ரி. ஓர் அற்புத மருந்து. 1874இலேயே அது ஆய்வுகூடத்தில் தயாரிக்கப்பட்டிருந்தாலும், பூச்சிகளைக் கொல்லும் அதன் ஆற்றலை 1939இல் கண்டறிந்தவர் சுவிற்சர்லாந்தின் போல் முல்லர். அதற்காக 1948இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. போர்க்காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பேன்களால் பரவிய தைபஸ் காய்ச்சலை அடக்கியது அந்தத் தூள்தான்.

போர் முடிந்ததும் அந்த மருந்து வயலுக்கும் தோட்டத்துக்கும் காட்டுக்கும் வந்தது. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் தென் மாநிலங்களில் நெருப்பெறும்புகளை ஒழிக்கவும், வடகிழக்கு மாநிலங்களில் மரங்களை அழிக்கும் அந்துப்பூச்சியை ஒழிக்கவும் விமானங்களிலிருந்து நஞ்சைப் பொழிந்தது. கீழே இருந்தவர்களின் சம்மதம் கேட்கப்படவில்லை. 1958 ஜனவரியில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்திலிருந்து ஒரு தோழி, நுளம்பு ஒழிப்புக்கு விமானம் மருந்து தெளித்ததன் பின்னர் தமது பறவைச் சரணாலயத்தில் பறவைகள் இறந்து கிடந்த கதையைப் பத்திரிகைக்கு எழுதி, அதன் பிரதியைக் கார்சனுக்கும் அனுப்பினார். இதை எழுத வேறு எவரையாவது இணங்கவைக்க முயன்ற கார்சன், ஈற்றில் தாமே எழுதவேண்டியதாயிற்று.

அதற்கு நான்கு ஆண்டுகள் சென்றன. நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகளுக்கும் மருத்துவர்களுக்கும் கடிதம் எழுதினார். அரசாங்க அறிக்கைகளைத் தேடினார். சான்றுகளின் பட்டியல் மாத்திரம் ஐம்பதுக்கும் மேற்பட்ட பக்கங்களை நிரப்பியது. அந்நூலின் பலம் எங்கே இருக்கிறது என்பதை அறிய அதில் வரும் ஓர் ஏரியின் கதையைப் பார்த்தாற் போதும்.

கலிபோர்னியாவில் கிளியர் லேக் என்ற ஏரி உண்டு. அங்கு தூண்டில் போட வருவோருக்குக் கடிக்காத, ஆனால் கூட்டங்கூட்டமாய் மொய்க்கும் ஒருவகைச் சிறுபூச்சி தொல்லை கொடுத்தது. அதனை ஒழிக்க 1949இல் டி.டி.ரி.யின் நெருங்கிய உறவான டி.டி.டி. என்ற மருந்து ஏரியில் கலக்கப்பட்டது. 7 கோடி பங்கு நீருக்கு ஒரு பங்கு மருந்து. எவருக்கும் கேடு செய்யாத அளவு என்றே கருதப்பட்டது. பூச்சிகள் மீண்டும் தலைகாட்டவே, 1954இலும் 1957இலும் 5 கோடிக்கு ஒன்று என அளவு கூட்டப்பட்டது. முக்குளிப்பான் பறவைகள் இறக்கத் தொடங்கின. தொற்றுநோய் எதுவும் காணப்படவில்லை. இறந்த பறவையின் கொழுப்பைச் சோதித்தபோது அதில் பத்து இலட்சத்தில் 1,600 பங்கு நஞ்சு இருந்தது. நீரில் பத்து இலட்சத்தில் 0.02 பங்கு மாத்திரம் இருந்த நஞ்சு, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களில் 5 பங்காகி, அவற்றைத் தின்ற சிறுமீனில் ஏறி, அதைத் தின்ற பெருமீனில் மேலும் ஏறி, பறவையை வந்தடைந்திருந்தது. ஆயிரம் சோடிகள் கூடு கட்டிய ஏரியில் 1960 அளவில் ஏறத்தாழ முப்பது சோடிகளே எஞ்சின. டி.டி.ரி. வகை மருந்துகள் நீரில் கரைவதில்லை, கொழுப்பிற் கரைகின்றன, எளிதிற் சிதைவதில்லை. இம்மூன்று இயல்புகளும் சேர்ந்தால் ஒவ்வோர் உணவுப் படியிலும் நஞ்சு செறிந்துகொண்டே போகும். இன்று பாடசாலை மாணவரும் அறிந்த இந்த உண்மையைப் பொதுமக்களின் மொழியில் முதலில் எடுத்துச் சொன்னது கார்சனின் நூல்தான்.

எல்ம் மரங்களுக்கு வந்த நோயைத் தடுக்க மருந்து தெளித்த ஊர்களில் றொபின் பறவைகள் இறந்ததும் இதே வழியில்தான். தெளித்த மருந்து இலையில் ஒட்டியது; இலை உதிர்ந்து மக்கியது; மண்புழு அதைத் தின்றது; அடுத்த வசந்தத்தில் வந்த பறவை மண்புழுவைத் தின்றது. இவ்வாறு பாடுவதற்குப் பறவையில்லாத வசந்த காலத்தையே 'மௌன வசந்தம்' என்ற தலைப்பு குறித்தது.

இந்நூலை எழுதிக்கொண்டிருந்த காலம் முழுவதும் அவரின் வீட்டில் துயரம் நீங்கவில்லை. 1957இல் வளர்ப்பு மகளாகவே இருந்த மருமகள் இறந்தார். அவரின் ஐந்து வயது மகனைத் தமது ஐம்பதாவது வயதில் தத்தெடுத்தார். 1958இல் தாய் மரியா இறந்தார். 1960 ஏப்ரலில் மார்பில் சத்திரசிகிச்சை நடந்தது. அது புற்றுநோய் என்ற உண்மையை மருத்துவர் அவரிடம் மறைத்துவிட்டார். பெண்களின் நோயை அவர்களிடமே சொல்லாதிருப்பது அக்கால வழக்கம். மாதங்கள் கழித்து வேறொரு மருத்துவரை நாடியபோதே உண்மை தெரியவந்தது. அதற்குள் நோய் பரவிவிட்டிருந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு இடையில் நூலை முடித்தார். தமது நோயை அவர் வெளியில் சொல்லவில்லை. நோயாளியின் மனக்கசப்பில் எழுதப்பட்ட நூல் என்று இரசாயனக் கம்பனிகள் தூற்றும் என அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது.

1962 ஜூனில் 'நியூயோர்க்கர்' சஞ்சிகையில் தொடராகவும், செப்டெம்பர் 27ஆம் திகதி நூலாகவும் அது வெளிவந்தது. நூல் வெளிவரும் முன்னரே ஒரு கம்பனி சட்ட நடவடிக்கை பற்றிப் பதிப்பகத்தை எச்சரித்தது. வேறொரு கம்பனி, பூச்சிகொல்லியே இல்லாத உலகில் பூச்சிகள் அனைத்தையும் தின்று தீர்ப்பதாக ஒரு பரிகாசக் கதையை அச்சிட்டு நாடெங்கும் அனுப்பியது. கைத்தொழில் அமைப்புகள் பிரசாரத்துக்கென இரண்டரை இலட்சம் டொலர் வரை செலவிட்டன. கலாநிதிப் பட்டம் இல்லாதவர், உணர்ச்சிவசப்பட்ட பெண், பறவைப் பைத்தியம், பிள்ளை பெறாதவருக்குப் பரம்பரையைப் பற்றி ஏன் கவலை என்றெல்லாம் எழுதப்பட்டது. கம்யூனிஸ்டாக இருக்கலாம் என்ற சந்தேகமும் கிளப்பப்பட்டது. எதிர்த்தவர்களில் எல்லோரும் கூலிக்கு எழுதியவர்கள் என்று நாம் சொல்லமாட்டோம். பசியையும் தொற்றுநோயையும் நேரிற் கண்டு, அம்மருந்துகளை உண்மையாகவே நம்பிய விவசாய விஞ்ஞானிகளும் அவர்களுள் இருந்தனர். ஆயினும் பிரசாரத்தை நடத்தியவர்கள் அவர்கள் அல்லர்.

1963 ஏப்ரல் 3ஆம் திகதி சி.பி.எஸ். தொலைக்காட்சி இவ்விவாதத்தை ஒளிபரப்பியது. விளம்பரதாரர்களுட் சிலர் முன்கூட்டியே விலகிக்கொண்டனர். வெண்ணிற மேலங்கி அணிந்து தோன்றிய கம்பனி விஞ்ஞானி ஒருவர், கார்சனின் வழியிற் சென்றால் மனிதகுலம் இருண்ட காலத்துக்குத் திரும்பிவிடும் என்று கடிந்துரைத்தார். அமைதியாக அமர்ந்து, சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்த கார்சனைப் பார்த்த மக்கள் தாமாகவே முடிவு செய்தனர். அடுத்த மாதம் ஜனாதிபதி கென்னடியின் விஞ்ஞான ஆலோசனைக் குழுவின் அறிக்கை வெளியாயிற்று. முக்கியமான விடயங்களில் அது கார்சனின் பக்கமே சார்ந்திருந்தது.

ஜூன் 4ஆம் திகதி செனட் உபகுழுவின் முன் அவர் சாட்சியமளித்தார். அப்போது நோய் எலும்பு வரை சென்றிருந்தது, நடப்பதே சிரமம். அங்கு அவர் கேட்டவற்றை நம் வாசகர்கள் கவனித்துப் பார்க்கவேண்டும். விமானத்திலிருந்து மருந்து தெளிப்பதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துங்கள். நீண்டகாலம் சிதையாத நஞ்சுகளைப் படிப்படியாகக் குறைத்து நீக்குங்கள். மருந்தைப் பதிவு செய்யும் அதிகாரத்தை விவசாயத் திணைக்களத்தின் கையில் மாத்திரம் விட்டுவிடாதீர்கள். இரசாயனமற்ற வழிகளை ஆராயப் பணம் ஒதுக்குங்கள். பிறர் தெளிக்கும் நஞ்சிலிருந்து தன் வீட்டில் பாதுகாப்பாக இருக்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். இவையே சாரம். எல்லா இரசாயனங்களையும் தடை செய்யுங்கள் என்று அவர் அங்கும் கேட்கவில்லை, நூலிலும் எழுதவில்லை.

1964 ஏப்ரல் 14ஆம் திகதி, மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் உள்ள தமது இல்லத்தில் கார்சன் காலமானார். வயது 56. அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் 1970இல் உருவானதையும், 1972இல் டி.டி.ரி. அந்நாட்டு விவசாயத்தில் தடை செய்யப்பட்டதையும், அழிவின் விளிம்பில் நின்ற வெண்தலைக் கழுகு 2007இல் ஆபத்துக்குள்ளான இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதையும் அவர் காணவில்லை.

இனி, நம் நாட்டின் பெயரால் சுமத்தப்படும் பழிக்கு வருவோம்.

1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையில் மலேரியா ஆடிய கோரத் தாண்டவத்தில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். போருக்குப் பின் டி.டி.ரி. வந்து வீட்டுச் சுவர்களில் தெளிக்கப்பட்டதும் நோய் மடமடவெனக் குறைந்தது. 1963இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் 17 பேர் மாத்திரமே. பின்னர் நோய் மீண்டும் எழுந்து, 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோரைப் பீடித்தது. இவ்வளவும் உண்மை. பழிசுமத்துவோர் இவ்விரண்டு எண்களுக்கும் நடுவில் 1962இல் வெளிவந்த நூலைக் கொண்டுவந்து வைக்கின்றனர். நடந்தது வேறு. நோய் ஒழிந்துவிட்டது என்ற நம்பிக்கையில், ஒழிப்புத் திட்டத்தின் ஒழுங்குப்படியே 1963, 1964ஆம் ஆண்டுகளில் தெளிப்பு நிறுத்தப்பட்டது; செலவு குறைக்கப்பட்டது; கண்காணிப்பும் தளர்ந்தது. நோய் திரும்பியதும் டி.டி.ரி. மீண்டும் தெளிக்கப்பட்டது. எவரும் தடுக்கவில்லை, அமெரிக்கத் தடையே 1972இல்தான் வந்தது. ஆனால், இம்முறை மருந்து முன்போல் வேலை செய்யவில்லை. நுளம்புகள் அதற்கு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தன. 1970களின் பிற்பகுதியில் மலத்தியனுக்கு மாறவேண்டியதாயிற்று.

அந்த மலத்தியன் காலத்தை எம் வயதினர் மறந்திருக்கமாட்டார்கள். முதுகில் தாங்கியைச் சுமந்துகொண்டு மலேரியா இயக்கத்தார் வருவர். பாய், பானை, உடுபுடவை எல்லாவற்றையும் முற்றத்தில் எடுத்துவைக்கும்படி சொல்வர். அவர்கள் சென்ற பின்னரும் பல நாட்கள் வீட்டில் அந்த நாற்றம் நிற்கும். சில வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டதும் உண்டு.

நுளம்பின் எதிர்ப்பாற்றலைப் பற்றிக் கார்சன் தமது நூலில் ஒரு தனி அத்தியாயமே எழுதியிருந்தார். பயிருக்கும் காட்டுக்கும் கணக்கின்றித் தெளித்தால் பூச்சிகள் மருந்துக்குப் பழகிவிடும், பிறகு நோய்தடுப்புக்கு அதே மருந்து தேவைப்படும்போது அது பயன்படாமற் போகும் என்பதே அவ்வத்தியாயத்தின் வாதம். பூச்சிகளால் வரும் நோய்களைக் கவனியாது விடலாம் என்று பொறுப்புள்ள எவரும் சொல்லமாட்டார் என்பதையும் அவர் அங்கு தெளிவாகக் கூறியுள்ளார். 2004இல் நடைமுறைக்கு வந்த ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையும் டி.டி.ரி.யை விவசாயத்திலிருந்து விலக்கி, நோய் பரப்பும் பூச்சிகளுக்கு எதிராக மாத்திரம் அனுமதித்தது. இலங்கையில் உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி இனங்காணப்பட்டது 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் நம் நாட்டை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. முப்பதாண்டு போரின் நடுவிலும் வன்னியிலும் கிழக்கிலும் இரத்தப் பரிசோதனை செய்தும் நுளம்பு வலை கொடுத்தும் வேலை செய்த சுகாதார ஊழியர்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அந்த வெற்றிக்கு டி.டி.ரி. தேவைப்படவில்லை.

கார்சனிடம் குறையே இல்லை என்று நாம் வாதிடவில்லை. டி.டி.ரி. காப்பாற்றிய உயிர்களைப் பற்றி அவரின் நூல் மிகக் குறைவாகவே பேசுகின்றது. 80,000 பேரை ஒரே கொள்ளைநோயில் பறிகொடுத்த நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு இது உறுத்தவே செய்யும். மனிதரின் புற்றுநோய் பற்றி அவர் எழுதியவற்றுட் சில, அன்றிருந்த சான்றுகள் தாங்கக்கூடியதை விடக் கூடுதலான உறுதியுடன் சொல்லப்பட்டவை. 2015இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் டி.டி.ரி.யை அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருட்களின் பிரிவிற் சேர்த்தது என்பதையும் இங்கு சொல்லவேண்டும்.

நமது வயல்களுக்கு வருவோம். 1995இல் இலங்கையில் தற்கொலை வீதம் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்தது. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் அதுவும் ஒன்று. அவர்களுட் பெரும்பாலானோர் வீட்டு மூலையில் இருந்த கிருமிநாசினிப் போத்தலை எடுத்துக் குடித்தவர்கள். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ கிளிநொச்சியிலோ அவ்வாறு ஒரு மரணத்தை அறியாத கிராமம் இருக்குமா என்பது சந்தேகமே. மிகக் கொடிய நஞ்சுகள் 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் தடை செய்யப்பட்டன. 2005 அளவில் அந்த வீதம் ஏறத்தாழப் பாதியாகியது. நெல் விளைச்சல் அதனாற் குறைந்ததாக ஆய்வாளர்கள் காணவில்லை. மருந்துகளைத் தனித்தனியே ஆராய்ந்து, பதிவாளரும் மருத்துவரும் விவசாய அதிகாரிகளும் கூடிப் பேசி, படிப்படியாகச் செய்யப்பட்ட தடைகள் அவை.

2021இல் நடந்தது இதற்கு நேர்மாறானது. ஏப்ரல் மாதம் அறிவித்து, அடுத்த மாதமே இரசாயன உரத்தினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதி ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டது. விவசாயிகள் வீதிக்கு வந்தனர். நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போகத்து விதைப்பு நடந்துகொண்டிருந்தது. உரமின்றி வளர்ந்த அப்போகத்தின் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அக்காலத்தில் இயற்கை விவசாயத்தை ஆதரித்த மேடைகளிலும் அதை எதிர்த்த மேடைகளிலும் கார்சனின் பெயரைக் கேட்டோம். முதலாவது தரப்பினர் அவரைத் தம் முன்னோடி என்றனர். மற்றவர்கள் இந்நிலைக்கு அவரே மூலகாரணம் என்றனர். 1963 ஜூன் 4ஆம் திகதி செனட் சபையில் அவர் அளித்த சாட்சியத்தை இரு தரப்பினரில் எவரும் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.